பகல் முழுக்க அங்கே இருக்கப்போவது யார்?

புது ஊருக்கு மாற்றல் என்று உறுதியானதும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். மொபைலில் மேப்பைத் திறந்து, ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதைச் சுற்றி மனதுக்குள் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் நம் பட்ஜெட்டுக்கு என்ன கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். தேடுகிறவர் யார்? வேலை கிடைத்தவர். அவர்தான் முதலில் ஊருக்குப் போகிறார், அவர்தான் வீட்டைப் பார்க்கிறார், நாலு போட்டோ அனுப்பிவிட்டு "நல்லா இருக்கு, பேசி முடிச்சிடவா?" என்று கேட்கிறார்.

யோசித்துப் பார்த்தால் அந்த ஏரியாவில் மிகக் குறைவான நேரம் இருக்கப்போவதும் அவர்தான். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். அவருக்குப் புது ஊர் பாதி ரெடிமேடாகவே கிடைத்துவிடுகிறது. ஆபீஸில் பேச ஆள் இருக்கிறது, மதியம் சேர்ந்து சாப்பிட ஆள் இருக்கிறது, எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்டால் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். கூட வருகிற மனைவிக்கோ கணவருக்கோ, பிள்ளைகளுக்கோ, வயதான அம்மா அப்பாவுக்கோ இதெல்லாம் கிடையாது. அவர்களுக்கு ஊர் என்பது வாசலிலிருந்து நடந்து போய்த் திரும்ப முடிகிற தூரம், அவ்வளவுதான். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பகலில் அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகிறவர் யாரோ, கையில் வண்டி இல்லாதவர் யாரோ, அவருடைய நாளை வைத்து இடத்தைத் தேடுங்கள். சம்பாதிக்கிறவருடைய பயணம் இரண்டாவது கணக்கு.

இரண்டாவது என்றுதான் சொல்கிறேன், கணக்கிலேயே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் அலோயிஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃபிரையும், ஜெர்மனியில் பல ஆண்டுகளாகத் திரட்டப்பட்ட தகவல்களை வைத்து தினசரிப் பயணத்தைப் பற்றி 2008-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவர் தள்ளிப் போய்க் குடியிருக்கிறார் என்றால் குறைந்த வாடகையோ பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ அந்த அலைச்சலை ஈடுகட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஏன் அங்கே இருக்கப்போகிறார் என்பதுதான் பொருளாதாரப் பாடம். ஆனால் கணக்குப் பார்த்தால் அப்படி வரவில்லை. பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கை எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு அப்படி அலைகிறவர்கள் தந்த மதிப்பெண் குறைந்துகொண்டே போனது. எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பெரிய ஹாலுக்குக் கொஞ்ச நாளில் கண் பழகிவிடும், அப்புறம் அது வெறும் ஹால். டிராஃபிக் பழகாது, ஏனென்றால் அது தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இன்றைக்கு நாற்பது நிமிடம், நாளைக்கு எழுபது.

பணக் கணக்கிலும் இதே தப்புதான் நடக்கிறது. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை போகக்கூடாது என்று எல்லோரும் சொல்கிறோம். இந்த 30 வேத வாக்கு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்பில் இருக்கும் ஏழைகளிடம் இவ்வளவுக்கு மேல் வாடகை வாங்கக்கூடாது என்று 1969-இல் 25 சதவீதம் என வரம்பு வைத்தார்கள், 1981-இல் அதையே 30 ஆக்கினார்கள். அந்த விதி ஊர் ஊராகப் பரவி, எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் பொன்விதி மாதிரி ஆகிவிட்டது. சிகாகோவில் 'சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி' என்ற அமைப்பு வேறு மாதிரி கணக்குப் போடுகிறது: வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துப் பார், இரண்டும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது. இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஊருக்கு வெளியே சல்லிசாகக் கிடைக்கிற வீடு பெரும்பாலும் இரண்டாவது வண்டியையும் சேர்த்தேதான் வரும். அந்த வண்டியின் தவணை, எரிபொருள், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் வாடகையோடு கூட்டினால், "இது நமக்கு எட்டாது" என்று ஒதுக்கிய உள்ளூர் வீடே பல நேரம் மலிவாகத் தெரியும்.

சரி, நடை தூரம் என்றேன். இதில்தான் மேப் நம்மை நன்றாக ஏமாற்றும். பூங்கா 400 மீட்டர் என்று காட்டும். காட்டாதது என்னவென்றால், நடுவில் ஆறு தடச் சாலை ஒன்று ஓடுகிறது, அதன் நடுவே இடுப்பளவு தடுப்புச் சுவர், கடக்கிற இடம் எங்கேயோ தள்ளி இருக்கிறது. இப்படி ஒரு சிக்னலில் என் அம்மாவோடு நின்றிருக்கிறேன். பச்சை விழுந்தது. முதல் படியிலிருந்து இறங்கும்போதே அம்மா கண் எதிர்ப்பக்கம் எண்ணிக்கொண்டிருந்த நொடிகளின் மேல்தான். பாதி தூரத்தில் அந்த எண் சிவப்பாகிவிட்டது, என் முழங்கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது, பஸ்ஸின் இன்ஜின் உறுமியது. நடுத்திட்டில் ஏறி நின்றோம். அடுத்த பச்சைக்குக் காத்திருந்தபோது அம்மா சொன்னது, "நான் தனியா இங்க வரமாட்டேன்பா." முடிந்தது. மேப்பில் 400 மீட்டரில் இருக்கிற பூங்கா அம்மாவைப் பொறுத்தவரை வேறு ஊரில் இருக்கிறது.

இது என் அம்மாவின் முழங்கால் பிரச்சினை மட்டும் இல்லை. பிரிட்டனில் பாதசாரி சிக்னல்கள், மக்கள் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பார்கள் என்ற கணக்கில் பல ஆண்டுகளாக அமைக்கப்பட்டு வந்தவை. இங்கிலாந்தில் 65 வயது தாண்டியவர்களை அளந்து பார்த்து 2012-இல் வெளியான ஆய்வில், ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீட்டர், பெண்களுடையது 0.8. பன்னிரண்டு மீட்டர் அகலச் சாலையை சிக்னல் பத்து நொடியில் கடக்கச் சொல்கிறது, ஒரு பாட்டிக்குப் பதினைந்து நொடி வேண்டும். அந்த ஐந்து நொடிக்காக ஒருவர் வெளியே போவதையே விட்டுவிடலாம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் பையோடு போகிறவருக்கும் இதே கதைதான்.

சாலையின் தொல்லை அதைக் கடப்பதோடு முடிவதில்லை. டொனால்ட் ஆப்பிள்யார்டு என்ற நகரமைப்பு நிபுணர் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் மற்ற விதங்களில் ஒன்று போலவே இருந்த மூன்று தெருக்களை எடுத்துப் பார்த்தார். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள், நெரிசல் தெருவில் ஒன்றுக்கும் குறைவு. நம் வீட்டு ஆட்களுக்குப் புது ஊரில் ஒரு நண்பர்கூட இல்லை என்ற நிலையில், "மெயின் ரோட்டு மேலயே வீடு, எல்லாம் பக்கம்" என்று தரகர் சொல்வதைக் கேட்டு மகிழ எனக்குத் தோன்றவில்லை. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஆனால் நடந்து வெளியே வர முடிகிற இடம். தேடினால் கிடைக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் பள்ளியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், நியாயம்தான். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: அந்த ஊரில் வீட்டு முகவரியை வைத்துப் பள்ளி தருகிறார்களா, இல்லை இடம் இருக்கிற பள்ளியில் சேர்ந்துகொள்ளலாமா? முதல் வகை என்றால் எல்லைக்கோடு தெருவின் எந்தப் பக்கம் போகிறது என்பது வரை பார்க்க வேண்டும், எதிர் வீட்டுப் பிள்ளை போகிற பள்ளிக்கு நம் பிள்ளை போக முடியாமல் போகலாம். இரண்டாவது வகை என்றால் முதலில் பள்ளியில் இடத்தை உறுதி செய்துவிட்டு அதைச் சுற்றி வீட்டைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

பள்ளியைவிட நான் அதிகம் யோசிப்பது பிள்ளையின் வயதை. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். ராஜ் செட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் பிற்பாடு அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிப்பதைப் பார்த்து 2016-இல் எழுதினார்கள்: 13 வயதுக்கு முன்பே அப்படி மாறியவர்கள் இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். 13 தாண்டி மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, சற்றுப் பாதகமாகக்கூட இருந்தது. நம் சூழ்நிலை அதே இல்லைதான், இருந்தாலும் ஒரு விஷயம் எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏரியா முக்கியம், ஒரு மாதத்தில் தெருவில் கூட்டு சேர்த்துக்கொள்ளும். பதினைந்து வயதுப் பிள்ளை உங்களுக்காகத் தன் முழு உலகத்தையும் விட்டுவிட்டு வருகிறது. அதற்கு எதிலாவது தீர்மானிக்கும் உரிமை கொடுங்கள். எந்த ஏரியா என்பதில் ஒரு ஓட்டு, பஸ்ஸிலோ ரயிலிலோ தானாகவே நண்பர்களைப் பார்க்கப் போய்வர முடிகிற இடம். பதின்வயதுப் பிள்ளையை எங்கே போனாலும் அப்பாவே வண்டியில் கொண்டுவிட வேண்டிய ஏரியா இருவருக்கும் சிறைதான்.

வீடு பார்க்கப் போகிற நேரம் ரொம்ப முக்கியம். தரகர் உங்களைக் காலை பதினொரு மணிக்குக் கூட்டிப்போவார், அந்த நேரத்தில் எந்தத் தெருவும் சொர்க்கம். நீங்கள் தனியாக வேலை நாளில் எட்டு மணிக்கு ஒரு தடவை போங்கள், இரவு பத்து மணிக்கு ஒரு தடவை. மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் இன்னும் நல்லது. எல்லா அறையிலும் ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள், மொபைலில் சிக்னல் இருக்கிறதா பாருங்கள், மேற்குப் பார்த்த சுவர் எந்த அறைக்கு என்று பாருங்கள், ஏனென்றால் மதிய வெயில் முழுக்க அந்தச் சுவர் வாங்கி ராத்திரி அறைக்குள்தான் இறக்கும். கீழ்த்தளச் சுவரில் தரையிலிருந்து ஒரே மட்டத்தில் கறைக்கோடு போனால் புது பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். குடும்பம் கூட வர முடியாவிட்டால் அறைகளின் போட்டோவை விட, வாசலிலிருந்து பக்கத்துக் கடை வரை, அங்கிருந்து பஸ் நிறுத்தம் வரை, நிறுத்தாமல் நடந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது "ஏரியா எப்படி?" என்று கேட்காதீர்கள். நல்ல ஏரியாதான் என்பார்கள். இங்கேயே குடியிருக்கிறவர் வேறு என்ன சொல்வார்? "போன மழைக்குத் தண்ணி எங்க வரைக்கும் நின்னுச்சு?", "ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா எங்க தூக்கிட்டு ஓடுவீங்க?", "இதுக்கு முன்னால இந்த வீட்டுல இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வார்த்தையைவிட, அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொள்கிற நேரம் நிறையச் சொல்லும்.

நம் மொழி பேசுகிறவர்கள் இருக்கிற பகுதிக்கே போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வெளிமாநிலம், வெளிநாடு என்றால் இது பெரிய கேள்விதான். பகலில் தனியாக இருக்கப்போகிறவருக்கு முதல் சில மாதங்கள் சொந்த மொழியில் பேச ஒரு குரல் பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் அதே அடுக்ககம், அதே மாடி என்று போனால், ஆறுதலோடு வம்பும் சேர்ந்தே வரும். நம் வீட்டில் சண்டை போட்டால் மறுநாள் ஊருக்கே தெரியும். நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்விடுகிற தூரம் போதும் என்பது என் கட்சி.

வாங்குவதா வாடகையா என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. முதல் வருடம் வாடகைதான். என்னதான் விசாரித்தாலும் ஒரு ஊரின் எல்லாப் பருவத்தையும் ஒரு பள்ளி ஆண்டையும் பார்க்காமல் அந்த ஊரைப் பற்றித் தெரியாது. முதலில் பார்த்து வைத்த ஏரியாவைவிட, அங்கே போன பிறகு தற்செயலாகத் தெரியவரும் ஏரியா நமக்குப் பொருத்தமாக இருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் கட்டாயம் இருந்தாக வேண்டும், காலி செய்ய எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்தால் ஒப்பந்தம் முடிகிற மாதமும் பள்ளி ஆண்டு முடிகிற மாதமும் ஒன்றாக வருகிற மாதிரி கேட்டு வாங்குங்கள். பதினொரு மாதமோ பதினான்கு மாதமோ, வாடகை ஒழுங்காக வந்தால் இதற்காக யாரும் ரொம்பப் பிடிவாதம் பிடிக்கப்போவதில்லை. ஆனால் கேட்க வேண்டியது கையெழுத்துக்கு முன்னால்.