வெள்ளையணுவின் வெளிச்சத்தை அளந்தபோது

கிருமியை விழுங்கும்போது நம் ரத்தத்தின் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் மெலிதாக ஒளிர்கின்றன. 1972-இல் ராபர்ட் ஆலன் குழுவினர் இதைக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்தான், ஆனால் லூமினால் என்ற ஒளிரும் வேதிப்பொருளைச் சேர்த்தால் பல மடங்கு கூடும். என் ஆய்வுக்கு இந்தச் சோதனை தேவைப்பட்டது.

வழிகாட்டி முதலில் சொன்னது: "ஹெப்பாரின் ட்யூபில் எடு, ஈடிடிஏ வேண்டாம்." இரண்டுமே ரத்தம் உறையாமல் தடுப்பவை. ஆனால் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியம் இல்லாவிட்டால் செல்கள் ஒழுங்காக வேலை செய்யாது. நியூட்ரோஃபிலைத் தனியாகப் பிரிக்கலாம்தான். ஆனால் பிரிக்கிற வேலையே அவற்றைக் கிளப்பிவிட்டுவிடும். சோதனை தொடங்கும் முன்பே ஒளிர ஆரம்பித்துவிடும். அதனால் முழு ரத்தத்தையே நூறு மடங்கு நீர்த்துக்கொண்டேன். அவ்வளவு நீர்க்காவிட்டால் ஹீமோகுளோபினே வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

தூண்டுவதற்கு சைமோசான், அதாவது ஈஸ்ட்டின் செல்சுவர்த் துகள். சும்மா போட்டால் செல்கள் அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) 37 டிகிரியில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவிப் போட்டால்தான் பாய்ந்து விழுங்குகின்றன. லூமினாலை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, ஃபாயில் சுற்றி வைத்திருந்தேன். வெள்ளைத் தட்டின் குழிகளில் எல்லாவற்றையும் விட்டு, வெளிச்சத்தை அளக்கும் லூமினோமீட்டரை 37 டிகிரியில் வைத்து மூடினேன்.

கொஞ்ச நேரம் வரைபடத்தில் வெளிச்சத்தின் கோடு தரையோடு தரையாகப் போனது. அப்புறம் மெல்லத் தலைதூக்கி, விறுவிறுவென ஏறி, உச்சம் தொட்டுச் சரிந்தது. சைமோசான் போடாத குழி அசையவே இல்லை. பக்கத்தில் சோடியம் அசைடு சேர்த்த குழியும் ஏறவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. அசைடு நியூட்ரோஃபிலின் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியை முடக்கும். வெளிச்சம் உண்மையிலேயே அந்த நொதியின் வழியாகத்தான் வருகிறது என்பதற்கு அது ஒரு நல்ல அறிகுறி.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நாட்பட்ட கிரானுலோமா நோய் என்ற பரம்பரை எதிர்ப்புச் சக்திக் குறைபாட்டில் ஆக்சிடேஸ் நொதி வேலை செய்யாததால் வெளிச்சம் வராது; மைலோபெராக்சிடேஸ் குறைந்தாலும் லூமினால் மங்கும். கோடு தாழ்ந்திருப்பதை மட்டும் வைத்து எந்த நோய் என்று சொல்ல முடியாது, வேறு சோதனையும் பார்க்க வேண்டும்.

இயந்திரம் தரும் எண்ணும் ஒப்பீட்டு அலகுதான். அதனால் ஒவ்வொரு முறையும் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தை அதே தட்டில் சேர்த்து ஓட்டுங்கள். ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள்.