துணைக்கு வாறியோ?

கொழும்பில், வெள்ளவத்தை வீட்டில் அம்மம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்பார்: "கோயில் மட்டும் துணைக்கு வாறியோ?" பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்கு அவருக்கு வழி தெரியாமல் இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது, காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவைக் கடக்கும்போது அவர்தான் என் கையை இறுக்கிப் பிடிப்பார், ஆனாலும் துணை என்னவோ நான்தான்.

உதவி வேறு, துணை வேறு. உதவி செய்ய ஏதாவது தெரிந்திருக்க வேண்டும், துணைக்குப் பக்கத்தில் இருந்தாலே போதும்.

பழந்தமிழில் இந்தச் சொல்லுக்கு அளவு என்ற பொருளும் உண்டு. 'தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர்' என்ற 104ஆம் குறளில் தினைத்துணை என்றால் தினையளவு, பனைத்துணை என்றால் பனையளவு. இத்துணை, எத்துணை என்று இன்றும் எழுதுகிறோமே, அதுவும் இதுதான். இணை, ஒப்பு, சோடி என்றும் அகராதி சொல்கிறது. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துத்தானே அளக்கவே முடியும், அதனால் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே சொல்லில் சேர்ந்திருப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. 36ஆம் குறளோ அறத்தையே 'பொன்றுங்கால் பொன்றாத் துணை' என்கிறது, அதாவது நாம் அழியும்போதும் அழியாத துணை.

அப்புறம் துணைவி, துணைவேந்தர், துணைப்பாடம் எல்லாம் வந்தன. சரி, அவை இருக்கட்டும்.

அம்மம்மா எழுதிய நீல நிற வான்கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. உச்சியில், நடுவில், கொஞ்சம் நடுங்கிய எழுத்தில் 'முருகன் துணை'. அதற்குக் கீழேதான் என் பெயர்.