காவடி வீடியோ வெட்ட ஒரு கணினி: காசை எதில் போடுவது?

கோயில் காவடி, கல்யாணம், அரங்கேற்றம் என்று போனிலோ சின்ன கேமராவிலோ எடுத்து, வீட்டிலேயே எடிட் செய்கிற டர்பன்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்குப் போனால் முதலில் கிராபிக்ஸ் கார்டைத்தான் காட்டுவார்கள். அதற்குமுன் உங்கள் கேமரா எந்தக் கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) பதிகிறது என்று பாருங்கள். பட்ஜெட் சின்னதாக இருந்தால் மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும்.

இன்றைய போன்கள் பலவும் ஹெச்.265 என்ற கோடெக்கில் பதிகின்றன. இதில் ஒவ்வொரு பிரேமும் (வீடியோவின் தனித்தனிப் படம்) முழுப் படமாக இருக்காது. முன்பின் பிரேம்களோடு உள்ள வித்தியாசம்தான் சேமிக்கப்படும். டைம்லைனில் ஓர் இடத்தைத் தொட்டால், அந்த ஒரு படத்தைக் காட்டவே பல பிரேம்களைப் பிரித்தாக வேண்டும். சிபியு தனியாக அதைச் செய்தால் திக்கித் திணறும். பிரிப்பதற்கென்றே தனிச் சுற்று சிப்பில் இருந்தால் சரளமாக ஓடும்.

இன்டெலில் அந்தச் சுற்றின் பெயர் குவிக் சிங்க். அது சிபியுவோடு சேர்ந்தே வரும் உள் கிராபிக்ஸுக்குள் இருக்கிறது. போனில் வரும் 10-பிட் 4:2:0 (நிற விவரம் குறைவாகப் பதியும் வகை) என்றால் 7-ஆம் தலைமுறையிலிருந்தே கையாளும். மிரர்லெஸ் கேமராவின் ஹெச்.265 10-பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலான வகை) என்றால் டெஸ்க்டாப்பில் 11-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். பலர் ஏமாறும் இடம் ஓர் எழுத்து: ஐ5-12400-இல் உள் கிராபிக்ஸ் உண்டு, 12400எஃப்-இல் கிடையாது. சில நூறு ராண்ட் மிச்சம் என்று எஃப் வாங்கினால் குவிக் சிங்க் போய்விடும். ஏஎம்டியிலும் இதே கதைதான்: ரைசன் 5600-இல் உள் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-யில் உண்டு.

ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது, முடிந்தால் 32. ஒற்றைக் குச்சி வேண்டாம், இரண்டாகப் போடுங்கள். உள் கிராபிக்ஸ் அதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒற்றைக் குச்சியில் ரேமின் தரவுப் பாதை பாதியாகிவிடும்.

டிஸ்க்குக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மெகாபிட் 4கே என்றால் நொடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. காவடி ஊர்வலத்தை இரண்டு கேமராவில் நாலு மணி நேரம் எடுத்தால் 360 ஜிபி. அதனால் எடிட்டுக்கு 1 டிபி எஸ்எஸ்டி. வேலை முடிந்ததைப் போட்டுவைக்கச் சாதாரண ஹார்டு டிஸ்க் போதும். எஸ்எஸ்டியை முட்ட நிரப்பாதீர்கள், எழுதும் வேகம் விழுந்துவிடும்.

கையில் காசு நிஜமாகவே குறைவு என்றால், அலுவலகங்கள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்தான் என் முதல் சிபாரிசு. 8-ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம்: விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. சின்னப் பெட்டிகளில் பவர் சப்ளை அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி மின் வயர் வராது. பிறகு கார்டு சேர்ப்பதாக இருந்தால், ஸ்லாட்டிலிருந்தே 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, அதிலும் குட்டை வடிவம், என்று கேளுங்கள்.

வாங்குமுன் உங்கள் கிளிப்பையே பென் டிரைவில் கொண்டுபோய் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டீகோட்' கோடு எழும்புகிறதா பாருங்கள். கோடு படுத்துக் கிடந்து சிபியு நூறைத் தொட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆயுளையும் பாருங்கள். கடையில் வாங்கினால் ரசீதில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள்: 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது நீக்கம், மாற்று, பணம் திரும்ப, மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

அப்படியும் திணறினால் பிராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் இலகுவான நகல், செய்துகொள்ளுங்கள். 1080 அளவில் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி (எடிட்டுக்கென்றே உள்ள கோடெக்) என்றால் மணிக்குச் சுமார் 16 ஜிபி. பழைய ஐ5-கூட இதை இழுக்கும்.

மலிவு லேப்டாப்பில் பெரிய குறை திரைதான். '45% என்டிஎஸ்சி' என்று குறித்த, நிறங்கள் குறைவாகக் காட்டும் திரையில் மஞ்சள் புடவை வெளிறித் தெரியும். அதைப் பார்த்து நிறத்தை ஏற்றினால், வீட்டு டிவியில் குங்குமம் அப்பிவிட்டது போல எரியும். எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற அளவை 100% காட்டும் ஐபிஎஸ் வகை மானிட்டரைத் தனியாக வாங்குவது உத்தமம்.

கடைசியாகக் கரண்ட். லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) ஓய்ந்தாலும் கேபிள் திருட்டும் திடீர் வெட்டும் ஓயவில்லை. 650 விஏ யுபிஎஸ் (கரண்ட் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) சில நிமிடம்தான் தாங்கும். சேமித்து அணைக்க அது போதும். மானிட்டரையும் அதிலேயே செருகுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் எதைச் சேமிப்பது? கரண்ட் திரும்பி வரும் நொடியில் மின்னழுத்தம் தாவும்; அணைத்ததும் சுவரில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வெருலம், டோங்காட் பக்கம் கரும்பு எரிக்கும் பருவத்தில் முற்றத்தில் விழும் கரித்தூள் பெட்டிக்குள்ளும் போகும். அந்த மாதங்களில் ஃபேன் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.