பதினாறு அறை, இருநூறு பேர்: செட்டிநாட்டு வீட்டு விடுதியில் கல்யாணம் நடத்த

கல்யாணத்துக்கு இடம் பார்க்க வருகிறவர்கள் முகப்பில் நின்று தேக்குத் தூணைத் தடவிப் பார்ப்பார்கள். வளவுக்கு, அதாவது வீட்டின் நடுமுற்றத்துக்கு, வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். மணவறை இங்கேதான் என்று அப்போதே முடிவாகிவிடும். கொல்லைப்பக்கம் போய்ப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி வட்டாரத்தில் விடுதியாக மாறிய பழைய வீடுகளில் கல்யாணம் நடத்தித் தரும் நாங்கள் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். எத்தனை பேரை அழைக்கலாம் என்பதற்கான பதில் கொல்லையில் இருக்கும் போர் மோட்டார், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், மின்சாரப் பெட்டி இவற்றில் இருக்கிறது. கீழே வரும் கணக்கெல்லாம் 16 அறை, 200 விருந்தினர், முதல்நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்ற அளவுக்கு.

தேதியிலிருந்து தொடங்குவோம். ஆடி, புரட்டாசி, மார்கழி போக மிச்ச மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்களில் மாவட்டம் முழுக்கக் கல்யாணம் இருக்கும். அன்றைக்கு நல்ல சமையல் மாஸ்டரும் மேளமும் வேனும் கிடைப்பது கஷ்டம். நான்கு மாதம் முன்பே சமையலையும் மேளத்தையும் பேசி முன்பணம் கொடுத்துவிட வேண்டும். மேடை அலங்காரத்துக்கு அவ்வளவு அவசரமில்லை. கிழமையில் ஞாயிறு வசதியானது. ராகுகாலம் மாலை 4.30–6, எமகண்டம் பகல் 12–1.30 என்பதால் காலை முழுவதும் கையில் இருக்கும். நேரத்தில் 6–7.30 முகூர்த்தம் இந்த வீடுகளுக்கு ரொம்பப் பொருத்தம். ஒன்பது மணிக்கு மேல் போனால் வெயில் வளவுக்குள் இறங்கி மணவறையின் பாதியில் விழும். மாப்பிள்ளை முகத்தில் வெயிலும் பெண் முகத்தில் நிழலுமாகப் படம் வரும். ஐயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே மந்திரம் சொல்ல வேண்டியிருக்கும்.

16 அறையில் கூடுதல் மெத்தை போட்டாலும் 40 பேருக்கு மேல் தங்க வைக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சுமார் 15 கி.மீ. தள்ளி காரைக்குடியில் லாட்ஜ் எடுக்க வேண்டும். திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையமும் ஏறத்தாழ 90 கி.மீ.தான். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் காரைக்குடியில் இறங்க இரவாகிவிடும். ஆகவே வரவேற்புச் சாப்பாடு முடிந்தது என்று அடுப்பை அணைத்துவிடக் கூடாது. முப்பது பேருக்கு இட்லியும் சட்னியுமாவது சூடாக இருக்க வேண்டும். அதே வண்டி விடியற்காலையில் சென்னைக்குக் கிளம்பிவிடும் என்பதால் கல்யாணம் முடிந்து அன்றே திரும்ப நினைப்பவர்களுக்கு அது உதவாது. இதை அழைப்பிதழோடு அனுப்பும் குறிப்பிலேயே எழுதிவிட்டால் கடைசி நேரத்தில் வேன் தேடும் அலைச்சல் பாதி குறையும்.

மின்சாரத்தில் எல்லோரும் வரவேற்பு விளக்குகளை நினைத்துப் பயப்படுவார்கள். உண்மையில் வீட்டு லைன் தாங்காமல் போவது அதிகாலை நான்கு மணிக்கு. முகூர்த்தத்துக்காக 16 அறையிலும் ஒரே நேரத்தில் கீசர் ஓடும்: ஒன்றுக்கு 2 கிலோவாட் என்றால் 32. ஏசியை யாரும் அணைத்திருக்க மாட்டார்கள்: ஒன்றுக்கு ஒன்றரை என்றால் 24. கிரைண்டர், மோட்டார், விளக்கு எல்லாம் ஒரு 5. மொத்தம் 61 கிலோவாட். வீட்டுக்கு வாங்கியிருக்கும் லோடு 40 என்றால் மெயின் விழுந்துவிடும். விழுந்த பிறகு தண்ணீர் மோட்டாரும் ஓடாது. மேடைக்காரர் கொண்டுவந்த ஜெனரேட்டரோ பந்தலுக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருக்கும். வீட்டு லைனோடு அதற்குத் தொடர்பே இருக்காது.

இதற்கு இரண்டு வேலை செய்கிறோம். கொல்லையில் விறகடுப்பு மூட்டி இரண்டு பெரிய அண்டாவில் வெந்நீர் போட்டு, கீசரை எட்டு அறைக்கு மட்டும் விடுகிறோம். அடுத்து, 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டரை, மின்வாரிய லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாக வீட்டு லைனுக்கே இணைக்கிறோம். முக்கால் லோடில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் டீசல் குடிக்கும்; 120 லிட்டர் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும், ராத்திரியில் பங்க் தேடிப் போக முடியாது. இணைக்கிறவர் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நியூட்ரல் ஒயர் கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கிவிடும். அறையில் இருக்கும் டிவி, ஏசி, சார்ஜர் எல்லாம் சேர்ந்து போகும்.

தண்ணீர்க் கணக்கு: தங்குகிற 40 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வீதம் ஒன்றரை நாளைக்கு 8,000 லிட்டர். சமையலுக்கும் கை கழுவவும் பாத்திரத்துக்கும் மூன்று வேளைக்குச் சேர்த்து 6,000. பகலில் வந்துபோகிறவர்களின் கழிப்பறைக்கு 5,000. மொத்தம் 19,000 லிட்டர். மேல்தொட்டி 5,000, தரைத்தொட்டி 10,000 என்றால் ஒரு லாரித் தண்ணீர் கட்டாயம் தேவை. நுழைவு வளைவில் பெரிய டேங்கர் நுழையாது. பின்தெருவில் நிறுத்தி ஓஸ் போட்டு இறக்க வேண்டும். 150 அடி ஓஸ் இருக்கிறதா என்று லாரிக்காரரிடம் பேசும்போதே கேட்டுவிடுங்கள். குடிக்க 20 லிட்டர் கேன் 45 போதும்.

செப்டிக் டேங்கில் இருக்கும் கழிவைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே எடுத்துவிட வேண்டும். முதல்நாள் எடுத்தால் வாடை போகாது, பந்தல் போட்ட பிறகு லாரியும் உள்ளே வராது. இயந்திரம் வைத்து மட்டுமே எடுக்க வேண்டும். அடைப்பு என்று சொல்லி ஆளை இறக்குவது 2013-ம் வருடச் சட்டப்படி குற்றம். அதற்கும் மேல், உயிர் போகிற வேலை. எந்த அவசரத்திலும் அதற்குச் சம்மதிக்காதீர்கள். கை கழுவும் தண்ணீரையும் பாத்திரம் கழுவும் தண்ணீரையும் டேங்குக்கு விடாமல் தென்னைப் பக்கம் தனிக்குழி வெட்டித் திருப்பிவிட்டால் டேங்குக்குப் பாரம் பாதியாகும். பகல் விருந்தினருக்குப் பெண்களுக்கு நான்கு, ஆண்களுக்கு மூன்று என்று நடமாடும் கழிப்பறை வாடகைக்கு எடுக்கிறோம். அறைக் கழிப்பறைகளைப் பொதுவாகத் திறந்துவிட்டால் மணப்பெண்ணே காத்து நிற்கும் நிலை வரும்.

இனி வளவு. ஆத்தங்குடிக் கல் என்பது சிமென்ட் கல். கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவை ஊற்றி, வெயிலில் காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. சூளையில் சுட்ட டைல்ஸ் கிடையாது. ஆகவே அதற்கு மூன்று பகை: சூடு, புளிப்பு, மஞ்சள். ஓமகுண்டத்தை நேராகத் தரையில் வைத்தால் கல் வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் கறுத்த வட்டம் நிற்கும். மணலை மட்டும் பரப்பிவிட்டால் போதும் என்று பலர் நினைப்பார்கள். ஒரு மணி நேர அக்னியில் மணலே சூடேறி அந்தச் சூட்டைக் கீழே இறக்கிவிடும். மூன்றடிக்கு மூன்றடி இரும்புத் தட்டை நான்கு மூலையிலும் செங்கல் வைத்துத் தூக்கி, தட்டுக்கும் தரைக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டு, தட்டின் மேல் ஒரு வரிசை செங்கல், அதன் மேல் மூன்று அங்குல மணல், அதற்கும் மேல் குண்டம் என்று வைக்கிறோம். முடிந்த உடனே தட்டின் அடியில் கை வைத்துப் பார்த்தால் தரை வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. நெய் தெறிக்கும் இடத்தில் மரத்தூள் தூவினால் உறிஞ்சிக்கொள்ளும்.

மஞ்சள் சிந்தினால் சோப்புத் தண்ணீரோடு ஓடிவருவார்கள். சோப்பு பட்டதும் மஞ்சள் சிவப்பாகி, பார்க்கவே பயமாக இருக்கும். முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு வெறும் தண்ணீர். மிச்ச நிறத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். ஆலம் எடுத்த தண்ணீர் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தது என்பதால் அதை வாசற்படியில் கொட்டாமல் தெருவில் போய்க் கொட்டச் சொல்ல வேண்டும். எலுமிச்சையும் புளியும் கல்லின் பளபளப்பை அரித்துவிடும். அதற்குத் திரும்ப வைத்தியம் இல்லை. பந்தி நடக்கும் பின்கட்டில் தரையில் ஜமுக்காளம் விரிக்காமல் மேசை போடுவது கிடையாது.

சுவரும் அப்படித்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புப் பூச்சில் டேப் ஒட்டினால் எடுக்கும்போது பூச்சும் கூடவே வரும். தூணில் ஆணி கூடாது, கயிறும் நேராகக் கட்டக் கூடாது. பழைய வேட்டியைச் சுற்றி அதன் மேல் பருத்தி நாடா. அலங்காரக்காரரிடம் வாயால் சொல்வது பத்தாது, ஒப்பந்தத்தில் வரியாக இருக்க வேண்டும், அவருடைய ஆட்கள் வேலையைத் தொடங்கும்போது நம்மவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்கும் பையன்களுக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்றால் மழை. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவு முற்றத்துக்குத்தான் இறங்கும். அதற்காகக் கட்டிய வீடு இது. மேலே தார்ப்பாய் கட்டி முழுக்க மூடினால் ஓமப்புகை உள்ளேயே சுற்றும், பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் கண்ணீர். கூரை விளிம்புக்கு மேல் மூன்றடி உயரத்தில் சரிவாகக் கட்டி, பக்கவாட்டில் புகை போக விட வேண்டும். அதற்கும் முன்னால், முற்றத்து மடையில் பத்து வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் வடிந்தால் நல்லது. தேங்கி நின்றால் அடைப்பு எடுக்காமல் தேதியே குறிக்காதீர்கள்.

சமையல் கூடத்தைக் கொல்லையில் தகரக் கொட்டகையாக, தண்ணீர்க் குழாய் பக்கமே போடுகிறோம். குழாய் தூரமானால் இரண்டு ஆள் நாள் முழுக்கக் குடம் தூக்குவதிலேயே போய்விடுவார்கள். 19 கிலோ வணிக சிலிண்டர் ஏழெட்டு வேண்டும். வீட்டு சிலிண்டரை வைத்துச் சமாளிக்க முடியாது, சட்டப்படியும் கூடாது. மாஸ்டர் தரும் சரக்கு லிஸ்டைச் சரிபார்க்க நூறு பேருக்கு இந்தக் கணக்கு உதவும்: மதியச் சாப்பாட்டுக்கு அரிசி 11–12 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ, ஒவ்வொரு பொரியலுக்கும் நறுக்கிய காய் 7–8 கிலோ, காப்பிக்குப் பால் 10 லிட்டர். லிஸ்டில் இதைவிட மிக அதிகமாக இருந்தால் காரணம் கேளுங்கள்; கேட்பதில் தப்பில்லை, நல்ல மாஸ்டர் கோபப்பட மாட்டார்.

பந்திதான் நேரத்தைத் தின்னும். இந்த வீடுகளின் பின்கட்டில் ஒரு பந்திக்கு 60 பேர் உட்காரலாம். இலை போட்டு, சாப்பிட்டு, எடுத்து, துடைத்து முடிக்க 40 நிமிடம். 200 பேருக்கு நான்கு பந்தி, இரண்டே முக்கால் மணி நேரம். தாலி கட்டி முடிந்த பிறகு எல்லோரையும் ஒரே நேரத்தில் சாப்பிட அழைத்தால் 140 பேர் பசியோடு நிற்பார்கள். 6–7.30 முகூர்த்தம் என்றால் முதல் டிபன் பந்தியை 5.30-க்கே போட்டுவிடுங்கள், ஓட்டுநர்கள், மேளக்காரர்கள், புகைப்படக்காரர்கள் அதில் சாப்பிட்டுவிடட்டும். இலை 15 சதவீதம் கூடுதலாக வாங்கி, ஈரச் சாக்குக்குள் வைத்தால் ஓரம் கிழியாது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளர் 300 வாடகைக்கு எடுத்து, கழுவ இரண்டு பேரைப் போடுங்கள்.

தெருவை மறந்துவிடக் கூடாது. அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் வயதானவர்கள்தான் இருப்பார்கள். பத்து நாள் முன்பே பெண் வீட்டார் யாராவது தாம்பூலத்தோடு போய், "ஆச்சி, நம்ம வீட்டுக் கல்யாணந்தான், காலையில சாப்பிட வந்துருங்க" என்று நேரில் சொல்ல வேண்டும். அப்படி வரும் 40 பேரைச் சமையல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி தேவை. 2000-ம் வருட விதிப்படி திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பெரிய பாட்டுக் கச்சேரி நள்ளிரவு வரை வேண்டும் என்று கேட்கும் குடும்பத்திடம் இந்த இடம் ஒத்துவராது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து உறவினர் வருவது இங்கே வழக்கம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதி அவர் விவரத்தை அரசுக்கு இணையத்தில் ஏற்ற வேண்டும். வாசலில் வந்து இறங்கும்போது பாஸ்போர்ட் கேட்டால் மனஸ்தாபம் வரும். பாஸ்போர்ட், விசா நகலை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். திருமணத்தை 2009-ம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். அழைப்பிதழில் விடுதியின் பெயரோடு கதவு எண், தெரு, ஊர், வட்டம் எல்லாம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேள்வி குறையும். பெண், மாப்பிள்ளை பெயரும் தேதியும் போட்டு விடுதியின் கடிதம் ஒன்றும் தருகிறோம்.

எல்லோரும் கிளம்பிய பிறகு எச்சில் இலைக்கு டிராக்டர் டிரெய்லர் அன்று மாலையே வர வேண்டும். ஊரணிக் கரையில் ஒரு இலைகூடப் போகக் கூடாது. தண்ணீர் விட்டு அலசுவதற்கு முன் வளவை உலரப் பெருக்குங்கள். முற்றம் முழுக்க அட்சதை கிடக்கும். தண்ணீரோடு மடைக்குள் போனால் அரிசி ஊதி, பூவிதழோடு சேர்ந்து கெட்டியாக அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில்தான் அது தெரியவரும். பெருக்கி, அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கல்லைத் தேய்த்துவிட்டால் மறுநாள் காலை வருகிற விருந்தினருக்குத் தரை பழையபடி மின்னும்.