மூன்றாவது பலகை

மூன்றாவது பலகை மயிரிழை சாய்ந்திருந்தது.

காலை எட்டு மணி. எங்கள் ஊழியர் சங்க மாநாட்டு மண்டபத்தில் ஆறு கேரம் பலகைகளைப் போட்டுவிட்டு, அணிகளின் பட்டியலோடு ஓடிக்கொண்டிருந்தேன். நடுவராக வந்த பெரியவர் மட்டும் அங்கேயே குனிந்து நின்றார். ஸ்ட்ரைக்கரை மெல்லத் தட்டுகிறார். அது இடப்பக்கம் ஒதுங்குகிறது. மேசைக் காலின் கீழே செய்தித்தாளை மடித்து வைக்கிறார். மறுபடி தட்டுகிறார்.

நான்கு முறை.

“25 புள்ளி ஆட்டம், தம்பி. சிவப்புக் காய்க்கு மட்டும் 3 புள்ளி. பலகை ஒருவர் பக்கம் சாயலாமா?”

அணிப் போட்டியில் ஒருவருடைய தோல்வியை மற்றவர்களும் சேர்ந்துதான் சுமக்கிறார்கள். இருமுறை உலக வாகையரான நம் மரிய இருதயத்துக்கும் சிறுவயதில் யாரோ ஒருவர் இப்படிப் பலகையைச் சமன் செய்து கொடுத்திருப்பார்.

போரிக் பொடியை நானே தூவினேன். மாலை வரை அந்தப் பலகையை விட்டு என் கண் அகலவில்லை.