பெயரைப் போடச் சொன்னவர்

டிமென்ஷியா என்கிற மறதி நோய் பற்றிய எங்கள் ஆய்வின் ஆலோசனைக் குழுவில் இருந்த டாக்டர்கள், பேராசிரியர் எல்லாருக்கும் அறிக்கையில் பெயர், பட்டம், பதவி. அவருக்கு மட்டும் 'டிமென்ஷியாவுடன் வாழும் ஒருவர்'. அந்த வரியை எழுதியது நான்தான், காரணமும் வைத்திருக்கிறேன், இருந்தும் மனசு ஒப்பவில்லை.

சும்மா பெயருக்கு உட்கார்ந்தவர் இல்லை அவர். வங்கியில் ஹெட் கேஷியராக இருந்தவர். பராமரிப்பவர்களிடம் கேட்கும் ஸாரிட் சுமை அளவுகோலின் 22 கேள்விகளையும் வாசித்து முடித்ததும், "நான் பையனுக்கு எவ்வளவு பாரம்னு கேக்கறீங்க, சரி. எனக்கு எது பாரம்னு எந்தக் காகிதத்துலம்மா இருக்கு?" என்றார். பாஸ்புக் யார் கையில் இருக்கிறது, டாக்டர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்ற கேள்விகள் அவர் சொல்லிச் சேர்ந்தவை.

பெயர் போடலாமா சார் என்று கேட்டேன். "போடுங்க, இனிஷியலோட." வேறொரு நாள் மறுபடி கேட்டபோது முன்பு கேட்டது அவருக்கு நினைவில்லை, ஆனால் பதில் அதேதான், இனிஷியல் உட்பட.

மகன்தான் வேண்டாம் என்றார். "பொண்ணுக்கு வரன் பாக்கறோம் மேடம். கூகுள்ல தேடினா வந்துடும்."

அதையும் சாரிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேத்திகிட்ட கேட்டீங்களா?" என்றார்.

யாரும் கேட்கவில்லை. பேச்சை மாற்றுகிறார், இந்த நோயில் இது சகஜம் என்றார் கூட வேலை செய்பவர். எனக்கோ அதுதான் அந்த அறையில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி என்று தோன்றியது, தோன்றியும் பெயரை எடுத்தேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆய்வுக்குச் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தைத்தான் முதலில் கேட்கிறது, அதை அவர் தந்துவிட்டார். ஆனால் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் கூட்டத்துக்கு ஆட்டோவில் அழைத்து வருவதும் மகன், அவர் முகம் சுளித்தால் சாருக்கு அடுத்த கூட்டமே கிடையாது. ஸ்காட்லாந்தில் 2002-லேயே டிமென்ஷியா உள்ளவர்கள் மட்டுமே உறுப்பினர்களாக ஒரு குழு அமைத்து, சொந்தப் பெயரோடும் முகத்தோடும் மேடை ஏறினார்கள். அங்கே ஜாதகத்தோடு சேர்த்துத் தாத்தாவின் தலையையும் யாரும் பரிசோதிப்பதில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம், அந்தப் பெண் வேலைக்குப் போகிறவள், விவரம் தெரிந்தவள். ஆய்வு அனுமதியில் அவளிடம் பேச இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் அவளும் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், 'போடுங்க' என்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதுதான் தெரியவில்லை.