காலடியில் உட்கார்ந்து பார்த்த கோயில்கள்

கோயில்களை அளந்து வரைந்து ஆவணப்படுத்தும் வேலைக்கு வருபவர்களுக்கு எங்கள் குழுவில் முதலில் சொல்வது, 'அண்ணாந்து பார்க்காதே' என்பதுதான். கோபுரம் பெரும்பாலும் பிந்தியது, சுதை அதற்கும் பிந்தியது, வண்ணம் போன குடமுழுக்குக்கு அடித்தது. வயது தெரிய வேண்டுமானால் கருவறைச் சுவரின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அதிட்டானம், அதாவது சுவரைத் தாங்கும் அடிப்பீடம், அடுக்கடுக்காக ஏறும். குமுதம் உருண்டையா, எட்டுப் பட்டையா என்று குறித்த பிறகுதான் தூணின் தலைக்குப் போகலாம். அங்கே போதிகை, அதாவது தூணின் மேல் உத்தரத்தைத் தாங்கும் கல், பேசும். அலை அலையாக மடிந்திருந்தால் ஒரு காலம், நறுக்கென்று வெட்டியிருந்தால் அடுத்த காலம், பூமொட்டாகத் தொங்கினால் விஜயநகரம் அல்லது அதற்குப் பின்.

காரைக்குடிப் பக்கம் வந்ததும் இந்தப் பாடம் கொஞ்சம் தடுமாறிவிட்டது.

நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. வெளியூர்க்காரர்களைக் கேட்டால் கடைசிப் பெயரை மட்டும் சொல்லி நின்றுவிடுவார்கள். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித்தொழிலில் ஈட்டிய பணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருப்பணியாக இங்கே வந்து இறங்கியது. பூச்சு வேலையோடு நின்ற திருப்பணி அல்ல அது. பழையதைப் பிரித்துவிட்டுக் கருங்கல்லில் புதிதாகவே எழுப்பிய இடங்கள் உண்டு. ஆக, நாங்கள் நம்பிக் குந்தும் அதிட்டானமே ஒரு நூற்றாண்டுக்காரராக இருக்கலாம்! அச்சில் வார்த்தது போன்ற விளிம்பு, கைபட்டால் வழுக்கும் மழமழப்பு.

அப்படிப்பட்ட இடத்தில் பழசைத் தேடுவது தனி வேலை. பிரித்த கற்களை வீணாக்க மாட்டார்கள். படிக்கட்டாகவும் தளமாகவும் மடைப்பள்ளிச் சுவராகவும் மறுபடி வைத்துவிடுவார்கள். அவற்றிலுள்ள கல்வெட்டு எழுத்து தலைகீழாக நிற்கும். 'கோமாறபன்மரான திரிபுவனச் சக்கரவர்த்தி' என்று தொடங்கி, எந்த மன்னன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கல் முடிந்துவிடும். மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்களைப் பாண்டியர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். மீதி வரி இல்லாமல் ஆளைப் பிடிக்க வழியில்லை. சுண்ணாம்பைச் சுரண்டி, கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டித் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் மை ஒற்றுவோம். கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்பி வரும்போது முதுகுவலி மறந்துபோகும். அதுவும் துண்டுக் கல்வெட்டாக இருந்தால் வலி உடனே திரும்பிவிடும்.

ஒரு கோயிலில் கணக்குப் பார்க்கும் பெரியவர் நெடுநேரம் எங்களைக் கவனித்துவிட்டுக் கேட்டார்: "சாமிய விட்டுப்புட்டுச் சுவத்தடியவே பாத்துக்கிட்டு இருக்கியளே, அங்க என்னய்யா இருக்கு?"

"கோயிலோட வயசு ஐயா."

"வயசு புள்ளிக் கணக்குலல்ல இருக்கு!"

திருமணமான ஒவ்வொரு குடும்பமும் நகரத்தாரிடம் ஒரு புள்ளி. புள்ளிக்கு வரி உண்டு. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வந்தாக வேண்டும். கல் மாறினாலும் அந்தக் கணக்கு அறுபடாமல் வருகிறது என்பது அவர் வாதம். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. பிரிக்கும் முன் படியெடுக்காமல் விட்ட ஒவ்வொரு எழுத்தும் போனது போனதுதான். ஆனால் இரணியூரில் அம்மன் சன்னதி முன்னே தூண்களில் நிற்கும் நவதுர்க்கையரைப் பார்த்துவிட்டு, 'பிந்தியது, தள்ளு' என்று குறிப்பெழுதவும் கை வரவில்லை. பழமைக்கு மட்டும் மதிப்பெண் போடும் பழக்கம் எங்கள் தொழிலில் கொஞ்சம் அதிகம்.

பிள்ளையார்பட்டியில் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், நின்று பார்க்க விடமாட்டார்கள். அந்தக் குடைவரைக்குள் மிகப் பழைய எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டு இருக்கிறது. 'எருக்காட்டூர்க் கோன் பெருந்தச்சன்' என்று படிக்கிறார்கள். எழுத்தின் வடிவத்தை வைத்து அதன் காலத்தைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என்னை இழுத்தது காலமல்ல, அந்தத் தச்சன். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் தானம் கொடுத்தவர் பெயர் இருக்கும், ஆட்டுக்கும் விளக்குக்கும் நெய்க்கும் கூடக் கணக்கு இருக்கும். உளி பிடித்தவன் பெயர் கிடைப்பது அரிது.

எங்கள் அறிக்கைகளில் இப்போது ஒரு பத்தி கூடுதலாக எழுதுகிறோம். தளம் பெயர்க்கும் முன் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போடுங்கள், எழுத்துள்ளதை முதலில் மைப்படி எடுங்கள், மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்யும் மணல் வீச்சு வேண்டவே வேண்டாம். புள்ளிக் கணக்குப் பெரியவரிடமும் ஒரு நகல் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தவர், "எண் போடுற கூலி யார் குடுக்குறது?" என்றார். அதை எழுதாமல் விட்டிருந்தோம். அன்று சாயங்காலமே கூலித் தொகையையும் போட்டுக் கொடுத்தோம். காரியக்காரர்கள் கூட்டத்தில் வைப்பதாக வாங்கிக்கொண்டார்.